ஏஸ் ஜோடி தோற்கத்தான் செய்யும்

கலிபோர்னியா கார்டு ரூம்களில் சின்ன மேசையில் போக்கர் ஆடும் நம்மாட்கள் எல்லாரிடமும் ஒரே புலம்பல்தான். "ஒருத்தனும் சீட்டைக் கீழே போட மாட்டேங்கிறான். ரெண்டு ஏஸை வெச்சுக்கிட்டு ரெய்ஸ் பண்ணி பந்தயத்தை ஏத்தினாலும் அஞ்சு பேர் கூடவே வர்றான். கடைசிச் சீட்டுல ஏதோ குப்பையை வெச்சு அடிச்சிட்டுப் போயிடுறான். இதுக்குப் பெரிய மேசையே தேவலாம், அங்கயாவது ரெய்ஸுக்கு ஒரு மரியாதை இருக்கு."

மரியாதை வேண்டுமென்றால் தாராளமாகப் பெரிய மேசைக்குப் போகலாம். பணம் வேண்டுமென்றால் இங்கேதான் உட்கார வேண்டும். தப்பாக ஆடுகிறவரிடமிருந்து வராத பணம், சரியாக ஆடுகிறவரிடமிருந்தா வரப்போகிறது?

நான் சொல்வது லிமிட் ஹோல்டம், 4-8 மேசை: கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு நாலாவது (டர்ன்), கடைசியாக ஐந்தாவது (ரிவர்); பெட் தொகை முன்பே நிர்ணயித்தது. (ஆன்லைன் கதை இல்லை. இந்தியாவில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் மொத்தமாகத் தடை செய்துவிட்டது. இது சான் ஹொசே பக்கம் உரிமத்தோடு நடக்கும் இடங்களைப் பற்றியது.) முதல் இரண்டு சுற்றில் ஒரு பெட் 4 டாலர், டர்னிலும் ரிவரிலும் 8 டாலர். இருக்கிற சிப்ஸையெல்லாம் நடுவில் தள்ளி எதிராளியை மிரட்டும் வேலை இங்கே நடக்காது. டிவியில் பார்த்த போக்கரை இங்கே வந்து ஆடுகிறவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

முதலில் அந்த ஏஸ் ஜோடிக் கணக்கைப் பார்ப்போம். ஒரே ஒருவர் ஏதோ இரண்டு சீட்டோடு எதிரே நின்றால் ஏஸ் ஜோடி 85 சதவீதம் ஜெயிக்கும். ஐந்து பேர் நின்றால் 49 சதவீதம்தான். அதாவது பாதி முறைக்கு மேல் தோல்வி. புலம்பல் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் பாட், அதாவது நடுவில் சேரும் பணம், அதில் நம்முடையது ஆறில் ஒரு பங்கு மட்டும். ஆறில் ஒரு பங்கைப் போட்டுவிட்டுப் பாதி முறை மொத்தத்தையும் அள்ளுகிறோம். இதைவிட நல்ல வியாபாரம் எங்கே இருக்கிறது? தோற்ற ஆட்டம் மட்டும் மனதில் நிற்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பிளஃப், அதாவது கையில் ஒன்றுமில்லாமல் பெட் போட்டு மிரட்டுவது. இந்த மேசையில் அதை மறந்துவிடுங்கள். பாட் 60 டாலர் இருக்கிறது, ரிவரில் கையில் ஒன்றுமில்லை, 8 டாலர் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். எட்டு, ஒன்பது முறைக்கு ஒரு முறை பலித்தாலே போட்டது வந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் எதிரே நான்கு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் பாதி நேரம் சீட்டைப் போட்டுவிடுவார் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு பேரும் ஒன்றாகப் போடுவது பதினாறு முறைக்கு ஒரு முறை. அதிலும் இங்கே இருப்பவர்கள் பாதி நேரம் போடுகிறவர்களா என்ன? ஒரு சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு, "சும்மா பார்க்கலாம்" என்று எட்டு டாலரை எடுத்து வைக்கிறவர்கள். அவர்கள் பார்க்க வந்தவர்கள். நல்ல சீட்டு இருக்கும்போது காட்டிக் காசு வாங்குங்கள்.

நம்மாட்கள் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். ஒரு ஆட்டத்தை விரிவாகச் சொல்கிறேன். நான் கடைசியாகப் பேசும் இடத்தில் இருக்கிறேன், கையில் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ஆறு. ஆறு பேர் ஆளுக்கு 4 டாலர் போட்டு ஃப்ளாப் பார்க்கிறோம், பாட் 24. ஃப்ளாப்பில் இஸ்பேட் ராஜா, டைமன் ஒன்பது, இஸ்பேட் நாலு. முதல் ஆள் 4 பெட், இரண்டு பேர் கால் (அதே தொகையைப் போட்டுக் கூடவே வருவது), இரண்டு பேர் சீட்டைப் போட்டுவிட்டார்கள். பாட் இப்போது 36, நான் போட வேண்டியது 4. ஒன்றுக்கு ஒன்பது கிடைக்கிறது. இன்னும் ஒரு இஸ்பேட் விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ். பார்க்காத 47 சீட்டில் 9 இஸ்பேட், ஒன்றுக்கு நாலேகால் கிடைத்தாலே போதும். ஆக, கால் பண்ணுவதில் யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, ரெய்ஸ்? "இன்னும் ஃப்ளஷ் விழவே இல்லையே, எதை நம்பி ரெய்ஸ்?" என்பார்கள். ஃப்ளாப்பிலிருந்து ரிவருக்குள் ஃப்ளஷ் விழ வாய்ப்பு 35 சதவீதம். ஏஸ் ஃப்ளஷ் விழுந்தால் பெரும்பாலும் பாட் நமக்குத்தான். நான் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மற்ற மூவரும் ஆளுக்கொரு டாலர் போடப்போகிறார்கள். என் பங்கு நான்கில் ஒன்று, என் ஜெயம் மூன்றில் ஒன்றுக்கு மேல். இன்னும் கைக்கு வராத சீட்டுக்கும் லாபத்தோடு ரெய்ஸ் பண்ணலாம் என்பது இப்படிக் கூட்டம் கூடும் மேசையில் கிடைக்கும் வசதி. போதாததற்கு, ரெய்ஸ் பண்ணியவனைப் பார்த்து டர்னில் எல்லாரும் பெட் போடாமல் செக் பண்ணிவிடுவார்கள். இஸ்பேட் வரவில்லையா, நானும் செக் பண்ணிவிட்டு ரிவரை இலவசமாகப் பார்ப்பேன்.

கூட்டம் அதிகமானால் சீட்டின் மதிப்பும் மாறும். வேறு வேறு இனத்தில் ராஜா-ஜாக்கி பார்க்க அழகாக இருக்கும், ஆறு பேருக்கு நடுவில் வெறும் ஒரு ஜோடியோடு நின்று அடிவாங்கும். ஒரே இனத்தில் ஏஸோடு வரும் சின்னச் சீட்டும், சின்ன ஜோடிகளும் இங்கே சம்பாதிக்கும். ஃப்ளாப்பில் ஜோடி மூன்றாக மாறுவது எட்டரை முறைக்கு ஒரு தடவைதான், ஆனால் மற்ற எல்லாரும் காசு தருவார்கள். மற்றதைப் போட்டுவிடுங்கள். ரம்மியில் முதல் டிராப்புக்கே 20 பாயின்ட் போகும். இங்கே பிளைண்டில் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாகப் போடும் பெட்) இல்லாதபோது போட்டால் ஒரு பைசா போகாது. இருந்தும் கை அரிக்கிறது.

ராத்திரி முழுக்கக் கால் மட்டுமே பண்ணிக்கொண்டிருந்த பெரியவர் டர்னில் திடீரென்று ரெய்ஸ் பண்ணினால், வெறும் ஒரு ஜோடியோடு வாதாடாதீர்கள். அவருக்குப் பிளஃப் பண்ணும் பழக்கமே கிடையாது.

இப்போது ரேக், அதாவது கார்டு ரூம் எடுக்கும் பிடித்தம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ ரிவரில் அடிப்பவனைவிட இதன்மேல்தான் பயம். கார்டு ரூமுக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான், ஒவ்வொரு ஆட்டத்திலும் அதன் பங்கு டேபிளில் இருக்கும் துளைக்குள் போய்விடும். அதோடு ஜாக்பாட் பிடித்தம், ஜெயித்தவர் டீலருக்குத் தரும் டிப்ஸ். எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு 6 டாலர், மணிக்கு 30 ஆட்டம் என்று வைத்தால் 180 டாலர். ஒன்பது பேர் மேசையில் ஆளுக்கு மணிக்கு 20. 4-8 மேசையில் நன்றாக ஆடுகிறவர் மணிக்கு ஒரு பெரிய பெட், அதாவது 8 டாலர், லாபம் பார்த்தாலே பெரிய விஷயம். அந்த எட்டு இந்த இருபதைத் தாண்டி வர வேண்டும். 2-4 மேசையிலும் பிடித்தம் ஏறக்குறைய இதேதான் என்றால், அங்கே கணக்கு எப்படித் தேறும்? கையில் தாங்கும் காசு இருந்தால் 6-12 மேசைக்கு ஏறுவது புத்திசாலித்தனம். தாங்காவிட்டால் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டு ஆடுங்கள், தப்பில்லை.

அந்த ஒரு பெட் லாபக்காரர்கூட 100 மணி நேரம் ஆடிய பிறகும் நட்டத்தில் இருக்க ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் தோற்றதும் "இந்த மேசையை ஜெயிக்கவே முடியாது" என்று தீர்ப்பு எழுதுகிறவர்களை என்ன சொல்வது?

அப்புறம் தயவுசெய்து மேசையில் பாடம் நடத்தாதீர்கள். ஒன்பது-நாலை வைத்துக்கொண்டு தன் ஏஸை அடித்தவரிடம், "இதையெல்லாம் வெச்சு எப்படி சார் கால் பண்ணினீங்க?" என்று நம்மாள் ஒருவர் கணக்கு விளக்க ஆரம்பித்ததைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், சிப்ஸை அடுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.