கடல் சட்டம் கற்பிக்க ஆள் இருந்தார்

கடல்சார் சட்டப் பேராசிரியர் பணியிடத்துக்கு "தகுதியானவர் எவரும் கண்டறியப்படவில்லை" என்ற அறிவிப்பை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். உண்மையிலேயே ஆள் இல்லையா என்று தனித்தனியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே பதில் சொல்கிறேன். ஆள் இருந்தார். நேர்முகத் தேர்வு அறைக்குள் தேர்வுக் குழுவின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகள் கேட்பது முனைவர் பட்டம், 10 ஆண்டு கற்பித்தல், 10 ஆய்வுக் கட்டுரைகள், 120 ஆராய்ச்சி மதிப்பெண். இவை எல்லாம் எனக்குச் சட்டம் கற்பித்த எங்கள் மேடத்திடம் இருந்ததால்தான் அழைத்தார்கள். அந்த மதிப்பெண் அழைப்பதற்கு மட்டும்தான். முடிவு செய்வது நேர்முகத் தேர்வு. அங்கே குழுவில் ஒருவர் அவரிடம் சொன்னது: "உள்ளூர் அனுபவம் வேறு, ஆராய்ச்சி வேறு."

இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பாக் நீரிணைச் சட்டத்தில் எது உள்ளூர், எது ஆராய்ச்சி? 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு நம் மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 1976இல் இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்கள் இலங்கைக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு, பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதிகளை மீறியதற்காக, நாடுகளுக்குள் உடன்பாடு இல்லாவிட்டால், சிறைத்தண்டனை விதிக்கக் கூடாது என்கிறது. ஆனால் நெடுந்தீவுப் பக்கத்துக் கடலை இலங்கை தன் வரலாற்று நீர்ப்பரப்பு என்கிறது, அதாவது பொருளாதார மண்டலம் அல்ல, முழுக்கத் தன் கடல் என்கிறது. அங்கே 73ஆம் பிரிவு செல்லுமா? பாம்பனில் கணவன் வரவில்லையே என்று காத்திருக்கும் பெண் கேட்கும் கேள்வியும் இதுதான், சர்வதேசச் சட்டம் படித்தவர்கள் விவாதிக்கும் கேள்வியும் இதுதான். பிடிபட்ட நம் மீனவர்களை நிறுத்தும் இலங்கையின் ஊர்காவற்துறை நீதிமன்றத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதை எப்படி ஆராய்வது?

இன்னொன்று. எங்கள் கரையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். வலை அறுபட்டு, சண்டை போட்டு, கடைசியில் உட்கார்ந்து பேசி உண்டான முறை. 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தோடு இது எப்படிப் பொருந்துகிறது என்று மேடம் தமிழில் எழுதியிருக்கிறார். வெளிவந்த இதழ் யுஜிசியின் இதழ்ப் பட்டியலில் இல்லை என்பதால் அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் பூஜ்யம். மாநில அரசுக்குக் கொள்கை ஆவணம் தயாரித்துக் கொடுத்தால் 4. வெளிநாட்டுப் பதிப்பகத்தில் புத்தகம் போட்டால் 12. அட்டவணையே அப்படி இருக்கிறது.

என் சித்தப்பாவின் வத்தையில், அதாவது சிறு நாட்டுப்படகில், கடல் அட்டை இருந்தது என்று வழக்குப் போட்டார்கள். 2001இல் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் அதே அட்டவணைதான். நான் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என்ன வலை, எத்தனை பாகம் ஆழம், தானாக ஏறி வந்ததா, தேடி எடுத்ததா என்று சித்தப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். சித்தப்பாவை அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை, மிரட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் வழக்கறிஞரானது அந்த ஞாயிற்றுக்கிழமையால்தான். இதற்குப் பெயர் உள்ளூர் அனுபவம் என்றால், ஆராய்ச்சி என்று எதைச் சொல்கிறார்கள்?

"உன் ஆசிரியர் என்பதால் பேசுகிறாய்" என்பீர்கள். ஆமாம், என் ஆசிரியர்தான். அவரிடம் படித்தவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

"அவர் மீனவர் பக்கம் சாய்ந்தவர், நடுநிலை இல்லாதவர்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது அப்பட்டமான பொய். தங்கச்சிமடத்தில் நடந்த கூட்டத்தில், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது, யாழ்ப்பாணத்து மீனவனின் வலையை நம் படகு அறுக்கிறது, அவனும் தமிழன்தான் என்று மேடை ஏறிச் சொன்னவர் அவர். படகு உரிமையாளர்கள் கூச்சல் போட்டார்கள். மேடம் பேச்சை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். நடுநிலைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

நீதிமன்ற வழக்கறிஞர்களைக் கொண்டு கற்பிக்கலாமே என்பவர்களுக்கு: தொழில் செய்யும் வழக்கறிஞர் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மட்டுமே சட்டம் கற்பிக்கலாம். என்னைப் போன்றவர்கள் வகுப்பு எடுத்துவிட்டுப் போகலாம், ஒரு துறையைக் கட்டி எழுப்ப முடியாது.

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டலாம். தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் சட்டம் படித்துவிட்டு, கடல் பற்றி ஆய்வு செய்ய வழிகாட்டி கிடைக்காமல் சொத்து வழக்குகளுக்குப் போய்விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். நாற்காலி காலியாகக் கிடந்தால் அந்த 8 இடமும் காலிதான். குழுவில் இருந்தவர்கள் இதை ஒரு நிமிடமாவது நினைத்தார்களா?

நம் மீனவர் சங்கத் தலைவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. படகு பிடிபட்டால் ரயில் மறியலுக்கு நிற்கிறோம். நமக்காக ஜெனீவாவிலும் கொழும்பிலும் வாதாடத் தெரிந்த அடுத்த தலைமுறையை உருவாக்கக்கூடியவரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள், ஒரு கண்டன அறிக்கைகூட வரவில்லை. தங்கச்சிமடம் கூட்டத்தை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்களா? அவர் அன்று சொன்னது கசந்திருக்கலாம். அடுத்த வாரமே உங்கள் படகு வழக்குக்கு ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுத்தவரும் அவர்தானே?

அந்தப் பணியிடத்துக்கு மறு அறிவிப்பு வரும். தேர்வுக் குழுவில் இடம்பெறும் 3 பாட நிபுணர்களில் ஒருவராவது மீன்பிடிச் சட்டத்தில் வேலை செய்தவராக இருக்க வேண்டும், யாரையும் தேர்வு செய்யாவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று துணைவேந்தருக்கு மனு எழுதியிருக்கிறேன். மேடத்தின் பெயர் அதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்துக்கு வந்து என்னைப் பாருங்கள். சங்கத் தலைவர்களும் வரலாம்.