கென்யா 2003ல் அரையிறுதி வந்தது வெறும் அதிர்ஷ்டமா?
நியூசிலாந்து கென்யத் தலைநகர் நைரோபிக்கு ஆட வராததால் கிடைத்த ஓசிப் புள்ளிகளில்தான் கென்யா 2003 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போனது என்று இந்தக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அது பாதி உண்மைதான். அதே நைரோபியில் இலங்கையை 53 ரன்னில் தோற்கடித்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? இலங்கை அன்று அசட்டையாக ஆடியது என்று கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார், முரளி 4 விக்கெட் எடுத்தும் கென்யா 210 அடித்தது சார், அப்புறம் காலின்ஸ் ஒபூயா லெக் ஸ்பின் போட்டு 24 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து 157ல் சுருட்டினார், அரவிந்த டி சில்வாவும் அவரிடம்தான் விழுந்தார். இதற்கு முன்பே 1996ல் புனேயில் வெஸ்ட் இண்டீஸை 93க்கு ஆல் அவுட் ஆக்கிய அணி இது, அவர்களின் நட்சத்திர பேட்ஸ்மேன் லாரா 8 ரன்னில் ரஜப் அலி பந்தில் கீப்பரிடம் கேட்ச் கொடுத்துப் போனதும் எங்கள் வீட்டு டிவி முன்னால் யாருக்கும் பேச்சே வரவில்லை. 1998ல் குவாலியரில் நம் இந்திய அணியையும் 69 ரன்னில் அடித்தார்கள், அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். இத்தனைக்குப் பிறகும் டெஸ்ட் ஆடும் அந்தஸ்து கிடைக்கவில்லை, 2014ல் சர்வதேச ஒருநாள் போட்டி ஆடும் அந்தஸ்தும் போய்விட்டது, கட்டுரை எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.