யாக்கோபுக்காகவும் ஜெபித்திருக்க மாட்டார்களா?

"விசுவாசம் இருந்திருந்தால் கர்த்தர் விடுவித்திருப்பார்." துக்கம் விசாரிக்கப் போன இடத்திலேயே இப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை. ஆனாலும் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தேவன் ஆபத்தில் விடுவிக்கிறவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன்" என்ற 50-ஆம் சங்கீதத்தின் வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நானும் வாழ்கிறேன். விசுவாசத்தை விடுதலைக்கான விலையாக்கி, விடுதலை கிடைக்காதவரைக் கடன்காரராக நிறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேதுரு சிறையிலிருந்து விடுதலையான அதிகாரம் என்றுதான் அதை எல்லோரும் சொல்வோம். பிரசங்கங்களும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அதற்கு முன்னால் இரண்டாம் வசனம் ஒன்று இருக்கிறது: யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான். அவ்வளவுதான், ஒரே வரி. இயேசுவின் தோற்றம் ஒளிமயமாக மாறிய மறுரூப மலையில் அவரோடு நின்ற மூன்று சீஷர்களில் யாக்கோபும் ஒருவர். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா? சபை அவருக்காக ஜெபித்திருக்காது என்று நினைக்கிறீர்களா? அதே ராஜா, அதே சபை, அதே தேவன். ஒருவர் வெட்டுண்டார், ஒருவர் தப்பினார். ஏன் என்று இதை எழுதிய லூக்கா ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. அவர் எழுதாத விளக்கத்தை நாம் எங்கிருந்து கொண்டுவருகிறோம்?

பேதுருவின் கதையில்தான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. பதினாறு சேவகர் காவல், இரண்டு சங்கிலிகள், இருபுறமும் ஒவ்வொரு சேவகன். அத்தனைக்கும் நடுவிலிருந்து வெளியே வந்து, மாற்குவின் தாயார் மரியாளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே பலர் கூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ரோதை என்ற பெண் வந்து குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடுகிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ, "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள்! பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். விசுவாசத்தை அளந்துதான் விடுதலை என்றால், அன்றிரவு பேதுரு சிறையைவிட்டு வந்திருக்கவே முடியாது. அவரும் பின்னாளில் நீரோவின் காலத்தில் ரோமில் கொல்லப்பட்டார் என்பது சபை மரபு.

சங்கீதங்களை எழுதியவர்கள் நம்மைவிட நேர்மையானவர்கள். 13-ஆம் சங்கீதம் தொடக்கத்திலேயே "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று ஆரம்பிக்கிறது. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. அப்படிப் புலம்பியவனை அவிசுவாசி என்று யாரும் வேதத்திலிருந்து நீக்கிவிடவில்லை.

வைத்தியரிடம் போவதையே அவிசுவாசம் என்கிற கூட்டத்தோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை. புயலில் சிக்கிய பவுலின் கப்பலைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் படியுங்கள் என்று மட்டும் சொல்வேன். 276 பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் சொல்லியாயிற்று. அப்படியும், மாலுமிகள் படகில் நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியை எச்சரித்தவர் பவுல்தான். சாப்பிடுங்கள் என்று எல்லோரையும் வற்புறுத்தியவரும் அவர்தான். கப்பல் உடைந்தது. சிலர் நீந்தினார்கள், சிலர் பலகைகளைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். வாக்குத்தத்தம் அந்தப் பலகைகளின் மேல்தான் நிறைவேறியது.

ஆகவே, சுகத்துக்காகத் தைரியமாக ஜெபியுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற அந்த மூன்று வாலிபர்கள் தேவனைக் குறித்துச் சொன்ன "விடுவிக்காமற்போனாலும்" என்ற வார்த்தைக்கும் உங்கள் ஜெபத்தில் இடம் கொடுங்கள். நோயாளியின் படுக்கையருகே பல நாளாகக் கண்விழித்திருப்பவரிடம் போய் விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்க் கொஞ்சம் தூங்குங்கள்" என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்காருங்கள்.