சோச்சிக்குப் போகாதது இழப்பா?
ஒலிம்பிக் வயது வரம்பு அமெரிக்கப் பனிச்சறுக்குப் பலகை (ஸ்னோபோர்டு) வீராங்கனை குளோயி கிம்மிடமிருந்து ஒரு பதக்கத்தைப் பறித்துவிட்டது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின்போது அவருக்கு வயது 13, தகுதிக்கான திறமை இருந்தும் அனுப்பப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் போட்டியிடும் ஹாஃப்பைப், அதாவது பாதிக் குழாய் வடிவப் பனித்தடத்தின் சுவரின் உயரம் 22 அடி, அதுவும் கல்லாக இறுகிய பனி. அந்த விளிம்புக்கும் மேலே எழும்பிச் சுழன்று தவறி விழுந்தால், வளர்ந்து முடியாத எலும்புகள்தான் அடியைத் தாங்க வேண்டும். காத்திருந்த காலத்தில் அவர் தேங்கிவிடவில்லையே! 2016இல், ஒரே ஓட்டத்தில் மும்முறைச் சுழற்சியை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டியில் செய்துகாட்டிய முதல் பெண்ணானார். 2018இல் பியோங்சாங் ஒலிம்பிக்கில் 98.25 புள்ளிகளுடன் தங்கம் வென்றபோது வயது 17. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானின் மோமிஜி நிஷியா 13 வயதில் ஸ்கேட்போர்டிங் தங்கம் வென்றாரே என்று கருத்துப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிஷியா வென்றது தெருப் பிரிவில். படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும்தான் அங்கே தடைகள், இந்த உயரம் கிடையாது. என்னை உறுத்துவது வேறு. மகளை மலைக்கு அழைத்துச் செல்வதற்காகக் கிம்மின் அப்பா பொறியாளர் வேலையையே விட்டார். அப்படி விட முடியாத வீட்டுப் பிள்ளைகள் எந்த வயதில் சோச்சிக்கோ பியோங்சாங்குக்கோ போவார்கள்? கட்டுரையாளர் அதையும் எழுத வேண்டும்.