குடிக்காதவனுக்கும் நண்பர்கள் கிடைப்பார்கள்

பல்கலைக்கழகத்தில் சேரவிருக்கும் என் சித்தி மகன், சென்ற வாரம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணா, குடிக்காம இருந்தா அங்க ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்களா?" கிடைப்பார்கள் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு சொல் பதில் போதாது என்று அன்றிரவு முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

விடுதியில் என் முதல் வார இறுதி இன்னும் நினைவிருக்கிறது. சீனியர் ஒருவரின் அறையில், இரண்டு கட்டில்களில் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். "கம்பெனிக்காவது ஒரு மடக்கு" என்று சொல்லி என் கையில் ஒரு காகிதக் கோப்பையைத் திணித்தார்கள். குடிக்கவும் மனமில்லாமல், கீழே வைக்கவும் துணிவில்லாமல், அதை இரண்டு மணி நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையின் அடி ஊறி நொய்ந்து, விரல்களில் ஈரம் கசியத் தொடங்கிய பிறகு, எழுந்து போய்க் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, என் அறைத்தோழன் தனக்கும் அன்று குடிக்க விருப்பமே இல்லை என்றும், நான் கோப்பையோடு இருந்ததைப் பார்த்துத்தான் தானும் குடித்ததாகவும் சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. என் கோப்பை நிறைந்தே இருந்தது அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இது எங்கள் இருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடையே டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் ஆகியோர் நடத்தி 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. வளாகத்தின் குடிப்பழக்கம் குறித்துத் தமக்குள் சங்கடப்பட்ட மாணவர்கள், மற்ற மாணவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை என்று நம்பினார்கள். ஆளுக்கு ஆள் தன் தயக்கத்தை மறைப்பதால், தயக்கமே இல்லாத ஒரு கூட்டம் இருப்பதுபோல எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. ஆகவே "நான் குடிப்பதில்லை" என்று ஒருவன் இயல்பாகச் சொல்லும்போது, அதே அறையில் வாய் திறக்காமல் இருக்கும் இன்னொருவனுக்கும் அது வழிவிடுகிறது.

அதைச் சொல்லும் விதத்தில் ஒரு கவனம் வேண்டும். மருந்து சாப்பிடுவதாகப் பொய் சொன்னால் அது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். நீண்ட விளக்கம் கொடுத்தால் அது விவாதமாகிவிடும். வேண்டாம் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்வதே நல்லது. குடிப்பவரிடம் அறிவுரை பேசவும் கூடாது. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே வகைப்படுத்தியதும், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் அறிவித்ததும் உண்மைதான். ஆனால் கொண்டாட்டத்தின் நடுவில் அவற்றை எடுத்து வைப்பவனை மறுமுறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாக இடம் மாறியவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் ஆராய்ந்து, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்றே சொல்லும் நிலைக்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று 2018இல் மதிப்பிட்டார். மது விருந்து புது மாணவனுக்குக் கொடுப்பது இந்த நேரத்தைத்தான். நாளும் இடமும் குறித்து, எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துவிடுகிறது. குடிக்காதவனுக்கு அந்த மணி நேரங்கள் தாமாக வந்து சேர்வதில்லை என்பதே அவனுடைய உண்மையான இழப்பு. எங்கள் துறையின் வரவேற்பு மாலையில் மது தாராளமாகக் கிடைத்தது, தண்ணீரைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. புதியவர்களை வரவேற்கும் நிர்வாகங்கள் இதை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை என்று இன்றும் ஆதங்கமாக இருக்கிறது.

எனக்கு அந்த நேரம் கிடைத்தது விடுதியின் சலவை அறையில். ஞாயிறு காலையில் இயந்திரம் ஓடி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். துணியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அதே நேரத்தில் வரும் இன்னும் இருவரோடு முதலில் சோப்புத்தூளைப் பற்றியும், பிறகு பாடங்களைப் பற்றியும், பிறகு வீட்டைப் பற்றியும் பேசினோம். இரண்டாம் பருவத்தில், ஒருவர் வரத் தாமதமானால் மற்ற இருவரும் அழுக்குத் துணியோடு காத்திருக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். அவர்களில் ஒருவர் குடிப்பவர். அது எங்களுக்கு இடையில் ஒருநாளும் வந்ததில்லை. இறகுப்பந்து, நாடகக் குழு, காலை ஓட்டம் என்று எதுவாக இருந்தாலும், வாராவாரம் அதே ஆட்களை அதே நேரத்தில் பார்க்கும்படி இருந்தால் போதும்.

"முதல் வாரமே பார்ட்டிக்குக் கூப்பிட்டா போகட்டுமா?" என்று தம்பி கேட்டிருந்தான். தாராளமாகப் போகலாம் என்று நேற்று சொன்னேன். கையில் தண்ணீரோ பழச்சாறோ வைத்துக்கொண்டு, மற்றவர்களின் பேச்சு குழறத் தொடங்குவதற்குள் விடைபெற்றுவிட வேண்டும். கிளம்பும்போது, பேசப் பிடித்துப்போன யாராவது ஒருவரிடம், மறுநாள் காலை என்ன செய்யப் போகிறார் என்று கேட்டுவிட்டு வர வேண்டும்.