அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது

வேலை வழிகாட்டி நிகழ்ச்சி ஒன்றில், வரலாறு படிக்க ஆசைப்பட்ட மாணவியைக் கேலி செய்கிற அந்த வீடியோவை இரண்டு நாளாக எனக்கு அனுப்பாதவர்கள் யாரும் பாக்கி இல்லை. "உங்க சப்ஜெக்ட்டைப் பத்தித்தான் டீச்சர், பாருங்க" என்று சிலர். வெறும் சிரிப்பு பொம்மையோடு சிலர். பார்த்தேன். நான்கு முறை பார்த்தேன். யார் பேசினார், எந்த மேடை என்று நான் எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம்.

பேசியவரின் முகம் எனக்கு மனதில் நிற்கவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்த அந்தப் பிள்ளையின் முகம்தான் நிற்கிறது. பிளஸ் டூ படிக்கிறவள். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, "சார், நான் எம்.ஏ. ஹிஸ்டரி வரைக்கும் படிக்கணும்னு இருக்கேன். அதுக்கப்புறம் என்னென்ன வேலைக்குப் போகலாம்?" என்று தெளிவாகக் கேட்டாள். அவர், "நல்ல மாப்பிள்ளை கிடைக்கும்மா" என்றார். அரங்கமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அழுதால் அசிங்கம் என்று சிரிக்கிற சிரிப்பு அது. நானும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

அவள் கேட்டது ஒரு கேள்வி. வேலை வழிகாட்டி நிகழ்ச்சியில் வேலையைப் பற்றிக் கேட்டாள். பதில் சொல்வதற்காகத்தான் அவரை அழைத்து மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். தெரியாது என்றால், "தெரியலம்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். அதில் யாருக்கும் குறைவில்லை.

பதில் இருக்கிறது. எம்.ஏ.வோடு பி.எட். முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதி, பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு வரலாற்று ஆசிரியராகலாம். நான் அப்படி வந்தவள்தான், இரண்டாவது முயற்சியில். கல்லூரியில் பாடம் நடத்த விரும்பினால் அதற்கான தகுதித் தேர்வு, நெட் அல்லது செட். நெட் தேர்வுக்கு எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு நல்கை கிடைத்துவிட்டால் பிஎச்.டி. செய்கிறபோதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. மண்ணைத் தோண்டிப் பார்க்க ஆசை என்றால், நம் மாநிலத் தொல்லியல் துறையே இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மத்தியத் தொல்லியல் துறைக்கும் கிரேட்டர் நொய்டாவில் இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் பழைய ஆவணங்களைப் பராமரிக்கக் கற்றுத் தருகிறது. அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண் அதற்கு. பொதுத்தாளிலும் வரலாறு உண்டு. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"போட்டித் தேர்வுக்கு எந்த டிகிரியும் போதுமே, எதுக்கு எம்.ஏ.?" என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். குரூப் தேர்வை மட்டும் குறிவைப்பவர்களுக்கு எம்.ஏ. அவசியமில்லை என்று நானே என் மாணவர்களிடம் சொல்வேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது வேறு. எம்.ஏ. படிக்கப் போகிறேன், அப்புறம் என்ன என்று கேட்டாள்.

"இன்ஜினியருக்கே வேலை இல்லை" என்பது இன்னொரு வாதம். அப்படியானால் பி.இ. படிக்கிறேன் என்று எழுந்து நிற்கிற பையனிடமும் நல்ல பெண் கிடைக்கும் என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள். அதற்கு மேல் இந்த வாதத்துக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

"ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அவர் பிராமி எழுத்தைப் படிக்கலையா, அதுக்கு எம்.ஏ. வேணுமா" என்கிறார்கள். அவர் மேதை. வேலைக்கு நடுவே பல பத்தாண்டுகளைத் தமிழி என்கிற தமிழ்ப் பிராமி எழுத்துக்கே கொடுத்தவர். அப்படி ஒருவர் இருந்தார் என்பதால் மற்றவர்களுக்குக் கல்லூரி வேண்டாம் என்றாகிவிடுமா?

என்னைக் குத்திய கேள்வி ஒன்றுதான். என்னோடு எம்.ஏ. படித்த ஒருவரே கேட்டார். "நீ தேறிட்ட, வேலை கிடைச்சது, பேசுற. தேறாதவங்களை யோசிச்சியா?" யோசிக்காமல் இல்லை. எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படித்தவன் ஒருவன். நெட், செட் இரண்டும் முடித்தான், பிஎச்.டி.யும் முடித்தான். இன்று வரை கௌரவ விரிவுரையாளர். வருடத்தில் 11 மாதம்தான் சம்பளம். மே மாதம் வந்தால் ஃபோனில் அவன் குரலே மாறிவிடும். நிரந்தரப் பணிக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வரும், வழக்கு என்பார்கள், தள்ளிப் போகும். அவனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. முதுகலை ஆசிரியர் தேர்விலும் அப்படித்தான், அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தே வருடங்கள் போய்விடும். இதையெல்லாம் மறைத்துவிட்டு வாருங்கள் பிள்ளைகளே என்று நான் யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் பேச்சாளர் இதைச் சொல்லியிருந்தால்கூட நான் கைதட்டியிருப்பேன். இடங்கள் குறைவு, போட்டி அதிகம், வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவு செய், கையில் பி.எட். ஒன்றை வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் அது பதில்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். என் நண்பனுக்கு நிரந்தர வேலை இல்லாததற்குக் காரணம், செய்ய வேலை இல்லாததா? அவன் கல்லூரியில் வகுப்புகள் நடக்கின்றன, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவன்தான் பாடம் நடத்துகிறான். வேலை இருக்கிறது, இடத்தைத்தான் நிரப்பவில்லை. தஞ்சாவூரில் மராட்டியர் காலத்தில் மோடி என்கிற பழைய மராத்தி எழுத்தில் எழுதிய ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சுக்காரர்கள் எழுதி வைத்தவை இருக்கின்றன. இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நம் கல்வெட்டுகளின் மைப்படிகள், அதாவது தாளில் மை ஒற்றி எடுத்த படிகள், பல காலமாக மைசூரில் இருக்கின்றன என்று வழக்குப் போட்டார்கள்; 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொன்னது. அன்று எல்லாரும் கொண்டாடினோம். கொண்டுவந்தால் யார் படிப்பது? படியெடுத்தும் அச்சேறாமல் கிடப்பவை ஆயிரக்கணக்கில்.

காவிரி என்றால் 1892, 1924 ஒப்பந்தங்களை எடுக்கிறோம். முல்லைப் பெரியாறு என்றால் 1886இல் 999 ஆண்டுக்குப் போட்ட குத்தகையை எடுக்கிறோம். அந்தக் காகிதங்களைக் காப்பாற்றி, தேடி எடுத்து, எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. கீழடியில் செங்கல் சுவர் தெரிந்த அன்று யார் யார் என்னென்ன ஸ்டேட்டஸ் வைத்தார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019இல் அறிக்கை வந்தபோது என் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் பெருமை தாங்கவில்லை. அதே குழுவில்தான் இந்த வீடியோவும் வந்தது, சிரிப்பு பொம்மையோடு. அந்தக் குழியில் இறங்கி, பிரஷ்ஷை வைத்து மண்ணைத் தள்ளி, ஒவ்வொரு பானை ஓட்டுக்கும் எண் போட்டவர்களெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள்? இந்த மாதிரிப் படிப்பைப் படித்தவர்கள்தானே? நொபொரு கராஷிமா என்ற வரலாற்று அறிஞர் ஜப்பானிலிருந்து வந்து தமிழ் கற்று, சோழர் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, அன்றைக்கு நிலம் யார் கையில் இருந்தது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் பிள்ளை அதையே படிக்கிறேன் என்றால் மாப்பிள்ளை கிடைக்கும் என்கிறோம்.

இது மேடையில் தொடங்கியதும் இல்லை. பிளஸ் ஒன் சேர்க்கை நாளில் என் பள்ளியில் வந்து பாருங்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளையின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "வேற குரூப் கிடைக்கலன்னா ஹிஸ்டரியாவது போட்டுக் குடுங்க டீச்சர்" என்பார். அந்த 'ஆவது' என்ற சொல்லை வருடா வருடம் கேட்கிறேன். நல்ல மதிப்பெண்ணோடு, பிடித்து வருகிற பிள்ளை அபூர்வம். அப்படி வந்த ஒருத்தியைத்தான் அன்றைக்கு உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், என் அப்பாவே நான் என்ன படிக்கிறேன் என்று வெளியில் சொல்ல மாட்டார். "ஐ.ஏ.எஸ்.க்குப் படிக்கிறா" என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். எனக்காக அந்த ஒரு பொய்யை மட்டும் ஐந்து வருடம் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரை அப்படிச் சொல்ல வைத்தவர்களைத்தான் சொல்கிறேன்.

பெரிய மாமா ஒருத்தர், நான் எம்.ஏ. சேர்ந்தபோது, "செத்துப்போன ராஜாவைப் படிச்சு உயிரோட இருக்கிறவனுக்கு என்ன பிரயோஜனம்" என்று பந்தியில் சத்தமாகக் கேட்டவர். சில வருடம் கழித்து நிலத் தகராறு என்று ஒரு பழைய கிரயப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிசல். விரோதிகிருது வருஷம், பசலி 1321 என்று இருந்தது. எண்களெல்லாம் தமிழ் எண். நிலத்தின் அளவு காணி, மா என்று. ஒரு புள்ளி, ஒரு கமா கிடையாது, மேற்படிக்கு ஒரு குறி, ரூபாய்க்கு ஒரு குறி. பசலி என்பது பழைய நிலவரி ஆண்டுக் கணக்கு, அதோடு 590 கூட்டினால் 1911 என்று சொன்னேன். நாலு எல்லையையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. கிளம்பும்போது, "லீவுதானே, சும்மா இருந்த நேரத்துல ஒரு உபகாரம்" என்றார். நன்றிகூட வேண்டாம். சும்மா இருந்தேன் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"படிப்பைக் காசால் அளக்காதீர்கள்" என்று எனக்கு ஆதரவாக எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்புக்கு நன்றி. ஆனால் கேள்வி கேட்டவள் காசைப் பற்றித்தான் கேட்டாள். அவளுக்குச் சம்பளம் வேண்டும். அதைக் கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. எனக்கும் சம்பளம் வந்த பிறகுதான் அப்பா, "பொண்ணு ஹிஸ்டரி டீச்சர்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

சரி, காசு தவிர வேறு என்ன கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. மூன்றாம் செமஸ்டரில் எங்களைக் கோயிலுக்கு மைப்படி எடுக்கக் கூட்டிப் போனார்கள். கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, மறுபடி பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். அப்புறம் மையை ஒற்ற ஒற்ற, கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். முதலில் ஒன்றும் புரியவில்லை. புள்ளி கிடையாது. 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கின்றன. "ஸ்வஸ்தி ஸ்ரீ" மட்டும் தெரிந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் பேராசிரியர் விரலை வைத்துக் காட்ட, நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "சாவா மூவாப் பேராடு தொண்ணூறு." நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு ஒன்று எரிக்க, ஒரு பெண் 90 ஆடு கொடுத்திருக்கிறாள். ஆடு செத்தாலும் கிழமானாலும் குட்டிகளால் கணக்கு குறையாது, அதனால் சாகாத, மூப்படையாத ஆடுகள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருத்தியின் கணக்கு என் வாயில் வந்தது. கை முழுக்க மை. அன்றைக்கு யார் என்னை என்ன கேலி செய்திருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

அந்தப் பிள்ளைக்கு யாராவது அந்தத் தாளைக் காட்டியிருக்க வேண்டும். மேடையில் இருந்தவருக்குத் தெரியாவிட்டால், கூட்டத்தில் ஒரு ஆசிரியராவது எழுந்து பேசியிருக்க வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பள்ளியில் இருந்து யாராவது இதைப் படித்தால், அவளுடைய வகுப்பு ஆசிரியர் எனக்கு இன்பாக்ஸில் ஒரு வரி எழுதுங்கள். என் எம்.ஏ. நோட்டுகள் எல்லாம் இருக்கின்றன. வட்டெழுத்து, கிரந்தம் என்ற பழைய எழுத்துகளுக்கு நான் கையால் வரைந்த அட்டவணை இருக்கிறது, முதுகலை ஆசிரியர் தேர்வின் பழைய கேள்வித்தாள்கள் இருக்கின்றன. அன்றைக்கு எடுத்த மைப்படியில் ஒரு துண்டையும் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கும். எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிடுகிறேன்.