81 போன் வேண்டாம், 9 போதும்

ஒவ்வொரு போன் மாடலிலும் செயலியைச் சோதித்துச் சான்று வாங்குவதால்தான் செலவு எகிறுகிறது என்கிறது ஒரு கட்டுரை. சரிதான், ஆனால் மாடல்களை எண்ணுவதே தப்புக் கணக்கு. திரை அளவு, ஆண்ட்ராய்டு பதிப்பு, சிப், ரேம் என நான்கு அம்சங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வகை என்று வையுங்கள். மொத்தம் 81 சேர்க்கைகள். எந்த இரண்டு அம்சங்களை எடுத்தாலும் அவற்றின் எல்லா ஜோடிகளும் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும் என்றால் 9 சோதனைகளே போதும். பெரும்பாலான பிழைகள் ஓரிரு அம்சங்கள் மோதுவதால்தான் வருகின்றன. மிச்சத்தை எமுலேட்டர், அதாவது கணினியிலேயே போனைப் போல நடிக்கும் மென்பொருள், பார்த்துக்கொள்ளும். ஆனால் கேமரா, புளூடூத், அப்புறம் பின்னணியில் ஓடும் செயலியைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும் பேட்டரி சேமிப்பு, இந்த மூன்றுக்கும் நிஜப் போன் கையில் இருந்தே ஆக வேண்டும். அங்கே கஞ்சத்தனம் பார்த்தால் திட்டு வாங்குவது உறுதி.